டிலே: இருபுறமும் விரிப்பது, டேப்பைப் போலத் தேய வைப்பது

வாசித்த சுரமும் அதன் எதிரொலியும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். டிஜிட்டல் டிலே பெடல் ஒன்றை எடுத்து, எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து வாசித்துப் பாருங்கள். ஒற்றைச் சுரம் என்றால் அழகாகவே இருக்கும். கார்டு மாறும் இடத்திலோ, நாலைந்து சுரங்கள் வேகமாக ஓடும் இடத்திலோ, இப்போது வாசித்தது எது, போன தட்டில் வாசித்தது எது என்று காதுக்குப் பிடிபடாது. அந்த நேரத்தில் பெரும்பாலானோர் மிக்ஸ் குமிழைக் குறைப்பார்கள். குறைத்துக் குறைத்து, டிலே இருக்கிறதா இல்லையா என்ற நிலைக்கு வந்துவிடுவார்கள்.

இந்த அத்தியாயம் வேறு வழியைச் சொல்கிறது. எதிரொலியின் சத்தத்தைக் குறைக்கும் முன் அதன் இடத்தையும் நிறத்தையும் மாற்றுங்கள். மூல ஒலி நடுவில் தெளிவாக நிற்கட்டும். எதிரொலி ஓரங்களில், சற்று மங்கலாக, சற்றுக் கரகரப்பாக நிற்கட்டும். அப்படிப் பிரிந்த எதிரொலியை, நகல் எதிரொலியைவிடக் கணிசமாக உரக்க வைத்தாலும் வாசிப்பு மறையாது. ஸ்டீரியோ விரிப்பு இடத்தைக் கவனிக்கிறது. டேப் பாணி டிஸ்டார்ஷன் நிறத்தைக் கவனிக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனி அலங்காரங்களாக நினைக்காமல் சேர்த்தே அமைக்க வேண்டும். ஏன் சேர்த்து என்பது குவீன் குழுவின் பிரையன் மே பற்றிய பகுதியில் தெளிவாகும்.

டேப் உண்மையில் என்ன செய்தது

டேப் எக்கோ இயங்கும் விதம் எளிது. ரெக்கார்டு ஹெட் டேப்பில் ஒலியைப் பதிக்கும். டேப் சற்றுத் தூரம் ஓடியபின் பிளேபேக் ஹெட் அதைத் திருப்பி எடுக்கும். இரு ஹெட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை டேப்பின் வேகத்தால் வகுத்தால் தாமதம் கிடைத்துவிடும். நொடிக்கு 7.5 அங்குலம் ஓடும் டேப்பில் ஹெட்டுகள் ஓர் அங்குலம் தள்ளி இருந்தால் 133 மில்லிசெகண்ட். 1950-களின் ராக்கபில்லி பதிவுகளில் கேட்கும் ஸ்லாப்பேக் எதிரொலி ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும்.

மெம்ஃபிஸ் நகரில் சன் ஸ்டுடியோவின் சாம் ஃபிலிப்ஸ், பதிவு செய்யும் டேப் ரெக்கார்டரோடு இன்னொன்றையும் ஓடவிட்டு இந்த எதிரொலியை உண்டாக்கினார். இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ என்ற ஊரில் ரே பட்ஸ் ஒரு படி மேலே போய், டேப் எக்கோவை ஆம்புக்குள்ளேயே அடக்கி எக்கோசோனிக் என்ற பெயரில் கட்டிக் கொடுத்தார். செட் அட்கின்ஸ், எல்விஸ் பிரெஸ்லியுடன் வாசித்த ஸ்காட்டி மூர், கார்ல் பெர்கின்ஸ் ஆகியோர் அதை வைத்திருந்தார்கள். ஸ்டுடியோவில் மட்டும் கிடைத்த ஒலி அப்படித்தான் மேடைக்கு வந்தது. பின்னர் மைக் பேட்டில் உருவாக்கிய எக்கோபிளெக்ஸ் வந்தது. அதில் ஹெட்டை நகர்த்தித் தாமதத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 1974-ல் ரோலண்ட் நிறுவனம் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோவைக் கொண்டுவந்தது. மூன்று பிளேபேக் ஹெட்டுகள். சுருளில் சுற்றாமல் ஒரு பெட்டிக்குள் தளர்வாக மடிந்து கிடக்கும் டேப் வளையம். மோட்டாரின் வேகத்தை மாற்றினால் தாமதம் மாறும். இத்தாலியின் பின்சன் எக்கோரெக் டேப்பையே பயன்படுத்தவில்லை. காந்தமேறும் உருளை ஒன்று சுழன்றது. பிங்க் ஃபிளாய்டின் ஆரம்ப காலப் பதிவுகளில் கேட்கும் எதிரொலி அதனுடையது.

இந்தக் கருவிகளை உருவாக்கியவர்கள் ஒலியைக் கெடுக்க முயலவில்லை, முடிந்தவரை சுத்தமான எதிரொலியைத்தான் தேடினார்கள். கருவியின் எல்லைகள் ஒலியில் மூன்று மாற்றங்களைச் செய்தன. இன்று நாம் பெடலிலும் மென்பொருளிலும் தேடுவது அந்த மூன்றையும்தான்.

முதலாவது, உச்ச அதிர்வெண்கள் தேயும். மெதுவாக ஓடும் டேப்பில் கூர்மையான ஒலிகள் முழுமையாகப் பதியாது. அந்த எதிரொலியே மறுபடி பதிவாகும்போது இன்னும் கொஞ்சம் போகும். துவைக்கத் துவைக்க வெளுக்கும் துணியைப் போல ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாயம் குறைகிறது. இரண்டாவது, சாச்சுரேஷன். டேப்பில் உள்ள காந்தத் துகள்கள் ஓரளவுக்கு மேல் காந்தமேறாது. ஒலி அந்த எல்லையை நெருங்கும்போது டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடலைப் போல வெடுக்கென்று வெட்டுப்படாமல், அலையின் முகடு மெல்ல அமுங்கும். அமுங்கும்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கும். மூன்றாவது, வேகத்தின் தள்ளாட்டம். மோட்டாரும் உருளைகளும் ஒரே சீராகச் சுழலாததால் சுருதி லேசாக ஏறி இறங்கும். மெதுவான அசைவை வாவ் என்பார்கள், வேகமான நடுக்கத்தை ஃப்ளட்டர் என்பார்கள்.

சாச்சுரேஷன் பற்றி ஒரு விஷயம் முக்கியம். டேப் அலையின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒரே மாதிரி அமுக்குகிறது. அதனால் ஒற்றைப்படை மேற்சுரங்கள், குறிப்பாக மூன்றாவது, தூக்கலாக வரும். மூன்றாவது மேற்சுரம் என்பது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். 110 ஹெர்ட்ஸில் ஏ சுரம் வாசித்தால் 330 ஹெர்ட்ஸில் ஈ சேரும். ஒற்றைச் சுரத்துக்கு இது உடம்பைக் கொடுக்கும். சி மேஜர் கார்டில் சி தரும் பஞ்சமம் ஜி, அது கார்டிலேயே இருக்கிறது. ஈ தரும் பஞ்சமம் பி, ஜி தருவது டி. வாசிக்காத இரண்டு சுரங்கள் உள்ளே நுழைந்துவிட்டன. கார்டுக்கு டேப் டிஸ்டார்ஷன் கூட்டினால் கலங்கலாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். தனி வாசிப்புக்கு எவ்வளவு டிரைவ் பிடித்திருக்கிறதோ, கார்டு வாசிப்புக்கு அதில் பாதிக்குமேல் போகாதீர்கள் என்பது என் பரிந்துரை.

சுற்றுக்கு உள்ளேயா, வெளியேயா?

டிலேயில் ஃபீட்பேக் என்பது, வெளியே வந்த எதிரொலியின் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்புவது. டிஸ்டார்ஷனை இந்தச் சுற்றுக்குள் வைக்கலாம், அல்லது எல்லாச் சுற்றும் முடிந்து ஒலி வெளியேறும் வாசலில் வைக்கலாம். குமிழ்களின் அளவு ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் எதிரெதிர் திசையில் போகும். பெடல் வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடம் இருந்தால் இதை வையுங்கள்.

ஃபீட்பேக் 50 சதவீதம் என்றால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட 6 டெசிபெல் தாழ்ந்து வரும். டிஸ்டார்ஷன் வெளியே இருந்தால் முதல் எதிரொலிதான் அதில் பலமாக மோதும், அதுவே மிகவும் கரகரக்கும். இரண்டாவது 6 டெசிபெல் தாழ்வாக வருவதால் கொஞ்சம் தெளியும், நான்காவது கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கும். தேயத் தேயத் தெளிவாகும் எதிரொலி டேப்பில் கேட்கும் ஒலி அல்ல. டிஸ்டார்ஷன் சுற்றுக்குள் இருந்தால் முதல் எதிரொலி ஒருமுறை அமுங்கும், இரண்டாவது இரண்டு முறை, மூன்றாவது மூன்று முறை. தேயத் தேய மங்கி, கரகரத்து, ஒதுங்கிப் போகும் எதிரொலி அதுதான். டேப் இயந்திரத்தில் பதிவும் வாசிப்பும் சுற்றுக்குள்ளேயே நடந்ததால் வேறு விதமாக நடக்க வழியே இல்லை.

உங்கள் பெடலில் டிஸ்டார்ஷன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். ஃபீட்பேக்கை நன்றாக உயர்த்துங்கள், டிரைவை முழுக்கத் திறந்துவிடுங்கள், ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் கையை எடுங்கள். பின்னால் வரும் எதிரொலி முதலாவதைவிட அழுக்காக இருந்தால் உள்ளே இருக்கிறது. சுத்தமாக இருந்தால் வெளியே. ஸ்ட்ரைமன் எல் கேபிஸ்டன் போல டேப்பைப் பின்பற்றும் பெடல்களில், டேப்பின் வயதைக் குறிக்கும் குமிழ் ஒன்று சுற்றுக்குள் நடக்கும் தேய்மானத்தைக் கூட்டிக் குறைக்கும். கணினியில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் சுதந்திரம் உண்டு. டிலேயின் ஃபீட்பேக்கை அணைத்துவிட்டு, ஒரு துணைத் தடத்தில் டிலே, அதன்பின் சாச்சுரேஷன், அதன்பின் ஃபில்டர் என்று அடுக்கி, அந்தத் தடத்தின் வெளியீட்டை அதற்கே ஒரு செண்ட் மூலம் திருப்பி அனுப்பினால் சொந்தமாக ஒரு டேப் சுற்றைக் கட்டிவிடலாம். செண்ட் குமிழ்தான் அப்போது ஃபீட்பேக். அதைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக உயர்த்துங்கள். சத்தம் திடீரென்று பெருகும் வேலை இது, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சுற்றுக்குள் டிரைவைக் கூட்டும்போது எதிரொலிகள் திடீரென்று முடிவில்லாமல் ஓடத் தொடங்கும். பெடல் பழுது என்று நினைத்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். காரணம் எளிது. டிரைவ் என்பது ஒலியைப் பெருக்கிச் சாச்சுரேஷனுக்குள் தள்ளுவது. உரத்த ஒலி அங்கே அமுங்கிவிடும். மெல்லிய ஒலி அமுங்காது, பெருகியபடியே வெளியே வரும். ஆக, மெல்லிய எதிரொலிகளைப் பொறுத்தவரை டிரைவைக் கூட்டியதும் ஃபீட்பேக்கைக் கூட்டியதும் ஒன்றுதான். டிரைவை ஏற்றிய அளவுக்கு ஃபீட்பேக்கை இறக்குங்கள். இரண்டு கையாலும் இரண்டு குமிழையும் பிடித்து, ஒன்றை ஏற்றும்போதே மற்றதை இறக்கிப் பழகுவது நல்ல பயிற்சி.

ஃபில்டர் இல்லாமல் இந்தச் சுற்று முழுமை பெறாது. உச்சத்தைத் தேய்க்க லோ-பாஸ் ஃபில்டரை 4,000 ஹெர்ட்ஸ் அருகில் வையுங்கள். அந்த இடத்தில் ஒரு சுற்றுக்கு 3 டெசிபெல் போனால் நான்காவது எதிரொலியில் 12 டெசிபெல் போயிருக்கும். எதிரொலி தானாகப் பின்னால் நகர்வது போலக் கேட்கும். அடியை வெட்ட ஹை-பாஸ் ஃபில்டரை 150 ஹெர்ட்ஸ் அருகில் வையுங்கள். கிதாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அடிச்சுரம் சுற்றிச் சுற்றிச் சாச்சுரேஷனுக்குள் போனால் மேலே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும். டேப்பின் ஒலி கனமானது என்று நம்பி அடியை விட்டுவைக்க ஆசை வரும். பேஸ் கிதாரும் டிரம்மும் சேர்ந்து வாசிக்கும் பாட்டில் அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

டிலே ஆம்புக்குப் பின்னால் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. கிதார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும், ஆம்பின் டிஸ்டார்ஷன் காதைக் குத்தாமல் இருப்பது அதனால்தான். பதிவு செய்த கிதார் தடத்தின்மீது கணினியில் டேப் டிஸ்டார்ஷன் சேர்த்தால், புதிதாகப் பிறக்கும் மேற்சுரங்களைத் தடுக்க ஸ்பீக்கர் இல்லை. லோ-பாஸ் ஃபில்டர்தான் ஸ்பீக்கரின் வேலையைச் செய்ய வேண்டும். அது சாச்சுரேஷனுக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் அல்ல.

பிரையன் மே ஏன் மூன்று ஆம்புகள் வைத்தார்?

குவீன் குழுவின் ‘பிரைட்டன் ராக்’ 1974-ல் வந்தது. அதில் பிரையன் மே தனியாக வாசிக்கும் நீண்ட பகுதியில், தன் எதிரொலியோடு தானே சேர்ந்து இசைவமைத்துக்கொள்கிறார். மேடையில் இரண்டு எக்கோபிளெக்ஸ்கள். நீண்ட தாமதம் வேண்டும் என்பதற்காக அவற்றை மாற்றியமைத்தார். நாம் கவனிக்க வேண்டியது அவர் எடுத்த இன்னொரு முடிவு. முதல் எதிரொலியை ஓர் ஆம்புக்கும் இரண்டாவதை வேறோர் ஆம்புக்கும், நேரடி ஒலியை மூன்றாவதற்கும் அனுப்பினார்.

காரணம் இதுதான். இரண்டு சுரங்கள் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் சேர்ந்து நுழைந்தால், இரண்டிலும் இல்லாத புதுச் சுரங்கள் பிறக்கும். 220 ஹெர்ட்ஸில் ஏ, 247-ல் பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் 193, 274 என்ற இரண்டு எண்கள் வரும். 274 ஹெர்ட்ஸ் சி-யும் அல்ல, சி ஷார்ப்பும் அல்ல. இன்டர்மாடுலேஷன் என்று பொறியாளர்கள் சொல்லும் இந்தக் கசடுதான் டிஸ்டார்ஷன் போட்டு அடுத்தடுத்த சுரங்களைச் சேர்த்து வாசித்தால் கேட்கும் உறுமல். டிலே இருக்கும்போது நீங்கள் ஒற்றைச் சுரமாக வாசித்தாலும், போன சுரத்தின் எதிரொலி இப்போதைய சுரத்தோடு சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் போகிறது. தனித்தனி ஆம்புகளில் இந்தக் கலப்பே நடப்பதில்லை. சுரங்கள் காற்றில் மட்டும் சேர்கின்றன. காற்று புதுச் சுரங்களைப் பிறப்பிப்பதில்லை.

ஸ்டீரியோவையும் டிஸ்டார்ஷனையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுவே. இடது எதிரொலிக்கு ஒரு சாச்சுரேஷன், வலதுக்கு வேறொன்று என்று பிரித்தால் விரிவும் கிடைக்கும், கலங்கலும் குறையும். இரண்டையும் ஒன்றாக்கி ஒரே சாச்சுரேஷனில் போட்டுவிட்டு, பிறகு ஏதோ ஒரு குமிழால் விரித்தால் விரிவு மட்டும்தான் மிஞ்சும். மென்பொருளில் ஸ்டீரியோ டிலே வாங்கும்போது இடது, வலது சுற்றுகள் தனித்தனியாக ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

அதே காரணத்தால், ஆம்பின் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் டிலே வைப்பதை நான் ஸ்லாப்பேக்குக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். ஒரே எதிரொலி, 130 மில்லிசெகண்ட் சுமார், அதே சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். கலந்தாலும் பெரிதாகத் தவறில்லை, முரட்டுத்தனம் பாட்டுக்குப் பொருந்தும். நீண்ட தாமதம் வேண்டுமென்றால் ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது டிஸ்டார்ஷனுக்குப் பின்னால், வையுங்கள்.

விரிப்பதற்கு நான்கைந்து வழிகள் உண்டு

பழகியது பிங்-பாங். எதிரொலி இடம், வலம், இடம் என்று மாறி மாறி விழும். முதல் முறை கேட்பவரை மயக்கும். ஒரு பாட்டு முழுக்க அப்படியே ஓடினால் கவனம் பாட்டைவிட்டு எதிரொலியின் பயணத்தைப் பின்தொடரத் தொடங்கிவிடும். பேன் குமிழை இரு ஓரங்களிலும் முழுக்க வைக்காமல் முக்கால் அளவில் நிறுத்தினால் பிங்-பாங் அடக்கமாக இருக்கும்.

நான் அதிகம் விரும்புவது இரு பக்கமும் இரு வேறு தாமதங்கள் ஓடவிடுவது. நிமிடத்துக்கு 100 தட்டு ஓடும் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். 60,000-ஐ 100-ஆல் வகுத்தால் ஒரு தட்டு 600 மில்லிசெகண்ட். அதில் முக்கால், அதாவது புள்ளியிட்ட எட்டாம் சுரம், 450. இடதில் 450, வலதில் 600 வையுங்கள். இடதின் நான்காவது எதிரொலியும் வலதின் மூன்றாவதும் 1,800 மில்லிசெகண்டில், சரியாக மூன்றாவது தட்டு முடியும் இடத்தில் சந்திக்கும். அதுவரை இரண்டும் விலகியே விழும். யூ2 குழுவின் தி எட்ஜ் புள்ளியிட்ட எட்டாம் சுர எதிரொலியைத் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார். எட்டாம் சுரங்களை நேராக வாசித்தாலே இடைவெளிகளில் எதிரொலி விழுந்து பதினாறாம் சுர ஓட்டம் போலக் கேட்கும். அந்த வேலையை இடது பக்கத்துக்குக் கொடுத்து, வலதில் முழுத் தட்டை மெல்லியதாக வைத்தால் தாளம் இடதில் துடிக்கும், வெளி வலதில் விரியும். இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்க வேண்டியதில்லை. வலதை 3 டெசிபெல் தாழ்த்தினால் குழப்பம் குறையும்.

இன்னொரு வழி ஹெல்முட் ஹாஸ் 1949-ல் ஜெர்மனியில் சமர்ப்பித்த ஆய்வோடு சேர்ந்து நினைக்கப்படுவது. ஒரே ஒலி இரு பக்கமிருந்தும் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்தால் காது அவற்றை இரண்டாகக் கேட்காது. முதலில் வந்த திசையில் ஒரே ஒலியாகக் கேட்கும், ஆனால் அகலமாக. ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட் வரை இது நடக்கும். இதைப் பயன்படுத்தி நேரடிக் கிதாரையே விரிப்பவர்கள் உண்டு: இடதில் அப்படியே, வலதில் 15 மில்லிசெகண்ட் தள்ளி. ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும். மோனோவில் சேர்த்தால் 33, 100, 167 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு 67 ஹெர்ட்ஸுக்கும் ஒரு பள்ளம் விழும். கிதாரின் அடிச்சுரங்கள் இருக்கும் இடமே அது. கைபேசி ஸ்பீக்கரிலும் சிறிய புளூடூத் பெட்டியிலும் பாட்டுக் கேட்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு உங்கள் கிதார் தகர டப்பாவாகப் போய்விடும்.

நேரடி ஒலியை நடுவிலேயே விட்டுவிட்டு, எதிரொலியின் இரு பக்கத்துக்கும் இடையே மட்டும் அந்த 15 மில்லிசெகண்டை வையுங்கள். மோனோவில் பள்ளம் விழுந்தாலும் எதிரொலியில் மட்டுமே விழும், வாசிப்பு சேதமில்லாமல் நிற்கும். ஏற்கனவே மங்கலாக்கிய எதிரொலியில் அந்தப் பள்ளங்கள் பெரிய குறையாகத் தெரியாது.

தள்ளாட்டத்தாலும் விரிக்கலாம், எனக்கு இதுதான் மிகவும் இயல்பாகப் படுகிறது. இடது பக்க வாவும் வலது பக்க வாவும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கக் கூடாது. ஒரு பக்கம் ஏறும்போது மறு பக்கம் இறங்கினால், சுருதியில் மிக நுண்ணிய வேறுபாடு தோன்றித் தோன்றி மறையும். காது அதை அகலமாக எடுத்துக்கொள்ளும். அளவு முக்கியம். தாமதம் நொடிக்கு ஒருமுறை அரை மில்லிசெகண்ட் இப்படியும் அப்படியும் அசைந்தால் சுருதி சுமார் 5 சென்ட் விலகும். ஒரு செமிடோன் 100 சென்ட் என்பதால் இது மெலிதான அளவு. அதே ஆழத்தை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் நொடிக்கு ஆறு முறையாக்கினால் விலகல் 30 சென்ட்டைத் தாண்டிவிடும், கேட்பவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். வேகத்தைக் கூட்டும்போது ஆழத்தை அதே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்பதைப் பல கையேடுகள் சொல்வதில்லை.

தவிர்க்க வேண்டிய வழியும் ஒன்று உண்டு. சில கருவிகள் ஒரு பக்க அலையைத் தலைகீழாக்கி விரிவைக் காட்டும். ஹெட்ஃபோனில் தலைக்கு வெளியே ஒலிப்பது போல இருக்கும். மோனோவில் இடமும் வலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், எதிரொலி முழுவதுமாகக் காணாமல் போகும். எந்த அமைப்பைச் செய்தாலும் முடிவில் ஒருமுறை மோனோவுக்கு மாற்றிக் கேளுங்கள். எதிரொலி கொஞ்சம் சிறுத்தால் சரி. மறைந்துவிட்டால் அமைப்பை மாற்றுங்கள்.

ஒரு முழு அமைப்பு

மேலே சொன்ன 100 தட்டுப் பாட்டுக்கே கட்டுவோம். முதலில் மோனோவிலேயே தொடங்குங்கள். தாமதம் 450 மில்லிசெகண்ட், ஃபீட்பேக் 35 சதவீதம். ஒவ்வொரு எதிரொலியும் 9 டெசிபெல் தாழும், மூன்று நான்கு எதிரொலிகளுக்குப் பிறகு வாசிப்பின் அடியில் கரைந்துவிடும். ஃபில்டர்கள் 150-லும் 4,000-லும். டிரைவ் இல்லை. எதிரொலியை மட்டும் தனியாகக் கேளுங்கள், மங்கலாக, ஒல்லியாக, கொஞ்சம் சப்பென்று இருக்க வேண்டும். தனியாகக் கேட்கும்போதே அழகாக இருந்தால் வாசிப்போடு சேரும்போது அது கூடுதலாகிவிடும்.

பிறகு டிரைவை ஏற்றுங்கள். கம்பியை மெல்லத் தொட்டால் எதிரொலி சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். கையின் பலத்துக்கு ஏற்ப எதிரொலி நிறம் மாறுவதுதான் டேப்பின் பெரிய கொடை. எப்படி மீட்டினாலும் ஒரே கரகரப்பு என்றால் டிரைவ் கூடிவிட்டது. ஃபீட்பேக்கை அதற்கேற்ப 30 அளவுக்கு இறக்குங்கள்.

இப்போது ஸ்டீரியோ. இடதை 450-ல் விட்டு வலதை 600 ஆக்குங்கள், பேன் முக்கால். வலதின் லோ-பாஸை 3,000-க்கு இறக்குங்கள். இரு பக்கமும் ஒரே நிறத்தில் இல்லாமல் இருந்தால் இரண்டு டேப் இயந்திரங்கள் ஓடுவது போன்ற உணர்வு வரும். வாவ் நொடிக்கு ஒருமுறைக்குக் குறைவாக, ஆழம் அரை மில்லிசெகண்டுக்குள், இரு பக்கமும் எதிரெதிராக. கடைசியாக மிக்ஸ். பாட்டின் மற்ற வாத்தியங்களோடு சேர்த்து வைத்தே இதை முடிவு செய்யுங்கள். தனிக் கிதாரைக் கேட்டு வைத்த மிக்ஸ் பாட்டில் பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

மேடையில்

சிறிய அரங்குகளில் ஒலிபெருக்கி அமைப்பு பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோ இருந்தாலும் இடது பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வலது எதிரொலி சரியாகக் கேட்காது. அதனால் தாளத்தைச் சுமக்கும் எதிரொலியை ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள். ஸ்டுடியோவில் இடதில் வைத்த 450 மில்லிசெகண்டை மேடையில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், வலதில் வைத்ததை மட்டும் விரியுங்கள். ஒலிப் பொறியாளரிடம் ஒரே ஒரு கேபிள் வழிதான் இருக்கிறது என்றால், பெடலின் மோனோ வெளியீட்டை எடுங்கள். பல பெடல்களில் இடது வெளியீட்டில் மட்டும் கேபிள் செருகினால் தானாகவே மோனோவாகிவிடும். சிலவற்றில் ஆகாது, பாதி எதிரொலிகள் மட்டுமே போகும். நிகழ்ச்சிக்கு முன்னால் வீட்டில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

டேப் எக்கோவை ஒரு வாத்தியமாகவே வாசிக்கவும் முடியும். ஜமைக்காவில் கிங் டப்பியும் லீ பெரியும் 1970-களில் பாட்டின் ஒரு சொல்லையோ கிதாரின் ஒரு வெட்டையோ மட்டும் எக்கோவுக்குள் அனுப்பி, ஃபீட்பேக்கை உயர்த்தி, அது பெருகி எழுவதையும் அடங்குவதையும் இசையாக்கினார்கள். சுற்றுக்குள் சாச்சுரேஷன் இருப்பதால் ஒலி ஓரளவுக்கு மேல் பெருகாமல் தானே அமுங்கி நிற்கும். இந்த வேலையை நம்பிச் செய்ய முடிவது அதனால்தான். அப்படி எழுந்து நிற்கும்போது தாமதக் குமிழைத் திருகினால், உண்மையான டேப் கருவியில் டேப்பின் வேகம் மாறிச் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். பழைய அனலாக் பெடல்களிலும் அப்படியே. டிஜிட்டல் பெடல்கள் சிலவற்றில் சுருதி வழுக்காது, துண்டு துண்டாகத் தாவும். டேப் முறையில் இயங்கும் தேர்வு ஒன்று இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இதை முடிக்கும்போது பெடலை அணைக்காதீர்கள், ஒலி வெட்டுப்பட்டு நின்றுவிடும். முதலில் உள்ளே போகும் கிதாரை நிறுத்துங்கள். வால்யூம் பெடல் டிலேக்கு முன்னால் இருப்பது இதற்குத்தான். பிறகு ஃபீட்பேக்கை 30-க்கு இறக்கி, எதிரொலிகள் தாமாகத் தேய்ந்து முடியும்வரை அடுத்த சுரத்தைத் தொடாமல் இருங்கள்.